ஏழாம் கட்டில் படகுக்காரர்

மறதி நோயாளிகள் வார்டில் அவள் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த அன்று, தலைமை நர்ஸ் சாவிக் கொத்தோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"மருந்து மாத்திரையோட நம்ம வேலை முடியாதும்மா. அவங்க கும்பிட்டா பக்கத்துல உக்காரு. அழுதா கையைப் பிடிச்சுக்கோ. கடவுள் சார்பாவோ, வேற யார் சார்பாவோ வாக்கு மட்டும் குடுத்துடாதே."

அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் ஒரு காலத்தில் படகோட்டி. பெற்ற மகளையே "யாரும்மா நீ?" என்று கேட்பவர், மத்தியானம் மூன்று மணியை மட்டும் மறப்பதில்லை. சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துக் கைகூப்புவார்.

"படகு தாங்காதும்மா... அதான் உன் விரலைப் பிரிச்சு விட்டேன். மன்னிச்சிடு."

மகள்தான் விவரம் சொன்னாள். "பெரிய வெள்ளமாம். படகு நிறைய ஜனம். ஒருத்தி விளிம்பைப் பிடிச்சுத் தொங்கியிருக்கா. அப்பாவுக்கு வேற வழி தெரியலை."

பத்து நாள் புது நர்ஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோராம் நாள் அவர் குழந்தையாய் விம்மி அழுதார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து அவர் காதில் சொன்னாள்.

"மன்னிச்சுட்டேன்."

கிழவர் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் மட்டும் நின்றுபோயிற்று.

சேற்றுத் தண்ணீர் வாடை எழுந்தது.

கால்மாட்டில் மெத்தை மெல்ல அமுங்கியது, யாரோ வந்து உட்கார்ந்தது போல.

"நான் சொல்லலையே."

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவள் பிடித்திருந்த கிழவரின் கை, பிடிக்குள்ளேயே சில்லிட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வந்த மகள் அழுது ஓய்ந்து, நர்ஸின் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எவ்வளவு நிம்மதியா போயிருக்காரு! உங்களுக்குப் புண்ணியம்."

தலைமை நர்ஸிடம் மட்டும் புது நர்ஸ் நடந்ததைச் சொன்னாள். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மன்னிப்பைக் குடுக்க வேண்டியவ குடுக்கலை. நீ குடுத்துட்டே. அவ இப்ப யார்கிட்ட போவா?"

மறுநாள் காலை ஒன்பதாம் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். இரண்டு வருஷமாக வாய் திறக்காத கிழவி அங்கே. கஞ்சியைக் கிழவி தொடவில்லை. நர்ஸின் தோளைத் தாண்டிப் பார்த்து, தன் துண்டை எடுத்து நீட்டினாள்.

"பாவம், உன்கூட வந்தவளுக்குத் தலையைத் துவட்டி விடேன். சொட்டுது பாரு."