சுவரைப் பார்த்து எண்ணியவன்

குற்றம் நடந்தபோது மணி எட்டு பத்து.

இடம், குழந்தைகள் காப்பகத்தின் பெரிய அறை. குற்றவாளிக்கு வயது பத்து. இரட்டைச் சடை, இரண்டு சிவப்பு ரிப்பன், முதுகில் புத்தகப் பை. எந்த வேலையைக் கொடுத்தாலும் முடித்துவிட்டுத்தான் நிற்பாள் என்பதால் அப்பா அவளுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பட்டாணி. அவளுடைய தம்பி. வயது இரண்டரை. காப்பகத்தில் அவனுக்கு இது இரண்டாவது நாள்.

முதல் நாள் அவனை அம்மாதான் கொண்டுவந்து விட்டாள். பட்டாணி அம்மாவின் கைப்பையைக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் அழுதான். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். “இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற ஆளைப் பார்த்துக்குவோம்” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்பாவோ விடிவதற்குள் பால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்.

“மேனேஜர், நாளைக்கு நீதான் அவனை விடணும். போற வழிதானே. எப்படியாவது அழாம பார்த்துக்க” என்றாள் அம்மா.

எப்படியாவது. அந்த ஒரு வார்த்தை போதாதா?

“பட்டாணி, ஒளிஞ்சு விளையாடலாமா? நீ சுவரைப் பார்த்து எண்ணு. அக்கா ஒளிஞ்சுக்கறேன். அப்புறம் வந்து பிடி.”

பட்டாணிக்கு உலகத்திலேயே பிடித்த விளையாட்டு அது. சுவரில் மூக்கு நசுங்க நின்று, கண்ணைப் பொத்திக்கொண்டான். “ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு...” அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

மேனேஜர் ஓசைப்படாமல் வெளியே வந்து வாசல் கதவைச் சாத்தினாள். அழுகை இல்லை, அடம் இல்லை. வேலை கச்சிதமாக முடிந்தது. பள்ளிக்கூடம் வரைக்கும் குதித்துக்கொண்டே போனாள்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தபோது காப்பகத்தில் சத்தமாக இருந்தது.

“இருபது நிமிஷம். இருபது நிமிஷமா ஒரு குழந்தையைக் காணோம்” என்று காப்பகத்துப் பெரிய டீச்சர் கத்திக்கொண்டிருந்தார்.

எதிரே தலையைக் குனிந்து நின்றாள் கொண்டை அக்கா. குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். தலையை விடக் கொண்டை பெரிதாக இருக்கும். அதனால் மேனேஜர் மனதுக்குள் வைத்த பெயர் அது. அவள் இடுப்பில் பட்டாணி. முகமெல்லாம் வியர்வை. சட்டையெல்லாம் பஞ்சு.

“மெத்தை அலமாரிக்குள்ள பூந்து, கதவு சாத்திக்கிச்சு டீச்சர். காலையிலேர்ந்தே அப்படித்தான். கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னாடி, எங்க பார்த்தாலும் போய் ஒளியறான். சாப்பிடவும் இல்ல.”

“அலமாரியைப் பூட்டி வைக்கணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? நாளையிலேர்ந்து நீ சமையலறைக்குப் போயிடு. இந்தப் பையனை வெச்சுக்கறதா வேணாமான்னு அவங்க அம்மாகிட்டப் பேசிக்கறேன்.”

மேனேஜர் தம்பியைப் பார்த்தாள்.

பட்டாணிக்கு ஒளியத் தெரியாது. ஒருநாள்கூட அவன் ஒளிந்ததில்லை. அவனுக்குத் தெரிந்தது எண்ணுவதும் தேடுவதும்தான்.

அப்படியானால் காலையிலிருந்து, சாப்பிடாமல், கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும்...

“க்கா காணோம்” என்றான் பட்டாணி, அவளையே பார்த்துக்கொண்டு. பிறகு தாவி மேனேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

இப்போது சொல்லிவிட வேண்டும். ‘தப்பு என்னுடையது டீச்சர்’ என்று மூன்றே வார்த்தை. ஆனால் அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு, கொண்டை அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் வேறு மாதிரி தண்டனை காத்திருந்தது. பாராட்டு.

“அழவே இல்லையா? ஒரு சொட்டுக்கூட?” என்றார் அப்பா. “மேனேஜர்னா மேனேஜர்தான்.”

“இன்னிக்குச் சரியான நேரத்துக்குப் போயிட்டேன் கண்ணு. எல்லாம் உன்னாலதான்” என்று அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள்.

தடவிய இடம் எரிந்தது.

பட்டாணி அவளை விட்டு நகரவில்லை. அவள் குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தட்டினான். முகம் கழுவி விடுவதற்காக அவன் கண்ணருகே கையைக் கொண்டுபோனாள். வீல் என்று அலறினான்.

“என்னடா ஆச்சு இவனுக்கு?” என்றார் அப்பா.

அவ்வளவுதான். மேனேஜர் அழுதுவிட்டாள். சுவர், எண்ணிக்கை, அலமாரி, கொண்டை அக்கா எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தன. சொல்லி முடித்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு, “எப்படியாவதுன்னு சொன்னது நான்தான்” என்றாள் மெதுவாக. “முதல் நாள் அவன் பொம்மையைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ நானும் நழுவிடலாமான்னுதான் கதவுப் பக்கம் போனேன். பார்த்துட்டான். பார்க்கலன்னா ஓடியிருப்பேன்.”

“மேனேஜரும் அவுட், மேலிடமும் அவுட்” என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. அப்பா இருமிக்கொண்டார்.

“நாளைக்கு வேலைக்கு லேட்டானாலும் பரவாயில்ல, நானே வந்து பெரிய டீச்சர்கிட்டச் சொல்லட்டுமா?” என்றாள் அம்மா.

“வேணாம்மா. நானே சொல்றேன்.”

சொல்வதற்கு முன் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. பட்டாணியை எதிரே உட்கார வைத்தாள். “அக்கா கடைக்குப் போறேன். போயிட்டு வருவேன்.” அவன் உதட்டைப் பிதுக்கினான். அவள் முனைக் கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். “பார்த்தியா? வந்துட்டேன்.” மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

“ஏம்மா, நாலு தடவை வந்துட்ட. உனக்கு என்னதான் வேணும்?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணும் வேணாம் அண்ணே. வந்துட்டுப் போகணும், அவ்வளவுதான்.”

ஐந்தாவது முறை பட்டாணி அழவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பெரிய டீச்சரின் மேஜைக்கு முன்னால் மேனேஜர் நின்றாள். கொண்டை அக்கா ஏற்கெனவே சமையலறை ஏப்ரன் கட்டியிருந்தாள். மேனேஜரின் காது இரண்டும் சூடாகிவிட்டன.

“டீச்சர், தம்பி ஒளியல. என்னைத் தேடினான். நான் விளையாடறேன்னு சொல்லி ஏமாத்திட்டுப் போயிட்டேன். கொண்டை... இந்த அக்காவுக்கு அது தெரியாது. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“அலமாரியைப் பூட்டாதது இவ தப்புதான்” என்றார்.

“ஆமா டீச்சர்” என்றாள் கொண்டை அக்கா. “இன்னிக்கு வந்ததும் முதல் வேலையா பூட்டிட்டேன்.”

“சரி. அந்த ஏப்ரனைக் கழட்டு. பையன் என்ன பண்றான்னு பார்ப்போம்.”

மேனேஜர் பட்டாணியின் முன் மண்டியிட்டாள். நான்கு விரலைக் காட்டினாள்.

“நீ விளையாடுவ. சாப்பிடுவ. தூங்குவ. எழுந்திரிப்ப. அக்கா வருவேன். இப்ப அக்கா போறேன்.”

ஒரு சடையிலிருந்து ரிப்பனை அவிழ்த்தாள். “இது அக்காவோடது. நாலு மணிக்கு எனக்குத் திருப்பிக் கொடுக்கணும். பத்திரம்.”

அவன் கழுத்தில் மாலை போலப் போடப் போனாள்.

“கழுத்துல வேணாம், இறுக்கிடும்” என்று கொண்டை அக்கா வாங்கி, அவனுடைய குட்டிப் பையில் கட்டினாள். பிறகு மேனேஜரின் காதருகே, “அதென்ன, கொண்டை?” என்றாள்.

மேனேஜருக்கு மறுபடி காது சூடானது. கொண்டை அக்கா சிரித்துவிட்டாள்.

“போயிட்டு வர்றேன் பட்டாணி.”

அவன் அழுதான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதான். சைக்கிளில் போன ஒருவர் நின்று, இந்தப் பெண் அந்தப் பிள்ளையை என்ன செய்துவிட்டாள் என்பது போல முறைத்தார். மேனேஜர் ஓடவில்லை. ஜன்னலில் தெரிந்த ஈர முகத்துக்குக் கையசைத்துவிட்டு நடந்தாள்.

“ஒரு ரிப்பன் எங்கே?” என்றார் வகுப்பு ஆசிரியை.

“தம்பிகிட்ட இருக்கு டீச்சர். நாலு மணிக்குத் தருவான்.”

வகுப்பே சிரித்தது. ஒற்றை ரிப்பனோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது பட்டாணி எந்தக் கதவுக்குப் பின்னாலும் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“அஞ்சு நிமிஷம் அழுதான். அப்புறம் சாப்பிட்டான், தூங்கினான்” என்றாள் கொண்டை அக்கா. “எழுந்ததுலேர்ந்து இங்கதான்.”

பட்டாணி பையை நீட்டினான். அவள் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டாள். அவன் உடனே அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினான்.

“க்கா எண்ணு.”

மேனேஜர் கண்ணை மூடினாள். சுவர் சில்லென்றிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு...

பொறுக்க முடியாமல் திரும்பினாள்.

பட்டாணி எங்கேயும் போகவில்லை. அவளை நிறுத்திய இடத்திலேயே, ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

“புடிச்சாச்சு” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டான்.