பதினொன்று சொன்ன பலகை

ஆறாம் வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பதினொண்ணு'. கணக்கு வகுப்பில் எதைக் கேட்டாலும் அதையே சொல்கிறாளாம். பெயர் வைத்தவர்களுக்குச் சிரிப்பு. அவளுக்கு அழுகைதான் வந்தது.

பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. ஆனால் கணக்கு என்றால் உயிர். பள்ளிக்குப் புள்ளிப் பலகை வந்த அன்று அவள் சந்தோஷத்தில் சாப்பிடக்கூட மறந்துவிட்டாள். டீச்சர் கம்ப்யூட்டரில் படம் வரைந்தால், மேசை மேலிருக்கும் பலகையில் அதே படம் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பி நிற்கும். தடவி எண்ண வேண்டியதுதான்.

மூன்று வாரமாக எண்ணினாள். மூன்று வாரமும் மதிப்பெண் சுழிதான்.

"இது சதுரம்மா. எல்லாப் பக்கமும் பன்னிரண்டு புள்ளி. நல்லாத் தடவிப் பாரு."

"நெடுக்க பன்னிரண்டு இருக்கு டீச்சர். குறுக்க பதினொண்ணுதான் வருது."

டீச்சர் திரையைப் பார்த்தார். அங்கே சதுரம் பளிச்சென்று இருந்தது. பெருமூச்சு விட்டார். அன்று மாலை அவள் பையில் ஒரு படிவத்தை வைத்தார். இனி அவளுக்குக் கணக்குப் பாடம் வேண்டாம் என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "விடும்மா. எனக்கு மட்டும் கணக்கு வந்துச்சா? என் லிஃப்ட் மேல போகலையா, கீழ வரலையா?"

"எனக்குக் கணக்கு வேணும்பா."

"டீச்சரே முடியாதுன்னு சொல்றாங்களேடா..."

பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. அவள் தலையணையில் முகம் புதைத்துக்கொண்டாள். தன் விரல்களே தன்னை ஏமாற்றிவிட்டன என்று நினைத்தபோது, அவற்றின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் படிவத்தோடு வகுப்புக்குப் போனாள். டீச்சர் இன்னும் வரவில்லை. நேற்றைய சதுரம் பலகையில் அப்படியே இருந்தது. கடைசியாக ஒருமுறை எண்ணினாள். நெடுக்க பன்னிரண்டு, குறுக்க பதினொன்று. மாற்றமே இல்லை.

கை சட்டென்று நின்றது. விரல் மக்கு என்றால் குறுக்கே மட்டும் ஏன் மக்காக வேண்டும்?

பலகையைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து மறுபடி எண்ணினாள். இப்போது குறுக்க பன்னிரண்டு. நெடுக்க பதினொன்று!

தப்பு பலகையோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. அவள் விரல்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

"டீச்சர்! ஓடி வாங்க! திரையைப் பார்க்காதீங்க, பலகையில கை வைங்க!"

உள்ளே வந்த டீச்சர் குனிந்து தடவினார். ஓரத்து வரிசையில் ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. அங்கே வழவழவென்று வெறும் பிளாஸ்டிக்தான் இருந்தது.

"அடக் கடவுளே... மூணு வாரமாவா இப்படி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"தினமும் சொன்னேனே டீச்சர். பதினொண்ணுன்னு."

டீச்சர் படிவத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். பிறகு மதிப்பெண் நோட்டை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எண்ணும்மா. நீ சொல்றதைத்தான் எழுதப்போறேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.