ஏணிக்குக் கீழே இலாரியோ

வெயில் சாய்ந்த நேரத்தில் கிரிசாந்தோ அந்த வீட்டு முன்னால் வந்து நின்றான். தோளில் துணி மூட்டை, இடுப்பில் வெட்டுக்கத்தி, கக்கத்தில் கால் கட்டிய சேவல். சேவல், அவன் கேட்டு வந்த பெண்ணின் அப்பாவுக்கு. கத்தி, அவர் சொல்லப்போகும் வேலைகளுக்கு.

போர் முடிந்து ஜப்பான்காரர்கள் போன பின் வந்த மழைக்காலம் அது. சமார் தீவின் உள்ளே, ஆற்றைக் கடந்து ஏறிய மேட்டில், மூங்கில் கால்களின் மேல் அந்த ஓலை வீடு தனியாக நின்றது. பக்கத்தில் வேறு வீடு கிடையாது. வாழைத்தோப்பு, அதற்குப் பின்னால் காடு. ஈர மண்ணோடு வேறு ஏதோ ஒரு வாடையும் வந்தது. செத்த மீனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"யாருடா அது?" ஏணியின் உச்சியில் பாஸ்குவால் வந்து உட்கார்ந்தார். பெருத்த மனிதர். பல் குத்திக்கொண்டிருந்தார்.

"கிரிசாந்தோ, மாமா. மே மாசம் மாதா பவனியில தெக்லாவைப் பாத்தேன். நல்ல எண்ணத்தோடதான் வந்திருக்கேன்."

"நீ பாத்தே. சரி. அவ பாத்தாளா?"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

"இந்தப் பக்கம் உனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல மாமா. கடலுக்கு அந்தப் பக்கம், போஹோல் தீவுல அம்மா மட்டுந்தான்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போனது. இறங்கி வந்து சேவலை வாங்கித் தடவிக்கொடுத்தார். "கீழ, உரல் பக்கத்துல படுத்துக்கோ. நானாக் கூப்பிடாம ஏணியில கால வெச்சே, கால் இருக்காது."

பெண் வேண்டுமென்றால் பெண் வீட்டில் உழைத்தாக வேண்டும். கிரிசாந்தோவின் அப்பாவும் அப்படித்தான் அம்மாவைக் கட்டினார். அதனால் அவன் முகம் சுளிக்காமல் தண்ணீர் சுமக்கும் மூங்கில் குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினான். இருட்டுவதற்குள் பெரிய பானைகளெல்லாம் நிரம்பின. பாஸ்குவால் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தார். பிறகு பானையைக் காலால் உருட்டிவிட்டார்.

"தவளை நாத்தம் அடிக்குது. மறுபடி கொண்டா."

ஜன்னலில் தெக்லா சிரித்தாள்.

சாப்பாட்டுக்கும் அவனை மேலே கூப்பிடவில்லை. தரை மூங்கில்களின் இடுக்கு வழியாகச் சோற்று உருண்டையும் கருவாட்டுத் தலையும் வந்து விழுந்தன. "புடிச்சுக்கோடா மாப்ள!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. ஒன்றைக் கையில் பிடித்தான். மற்றது மண்ணில் விழுந்தது. அதையும் எடுத்துத் தின்றான்.

விடியற்காலையில் கை காய்ப்போடு எழுந்தபோது பானைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. விறகு பிளந்து அடுக்கியிருந்தது. தெக்லாதான் மனமிரங்கிச் செய்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பாஸ்குவால் அந்தத் தண்ணீரைக் குடித்தார். கொட்டவில்லை. "ம்," என்றார்.

அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். சொன்ன வேலையில் பாதி, அவன் கண் விழிக்கும் முன்பே முடிந்திருந்தது. தோப்பில் களை பிடுங்கியிருக்கும். எருமை கழுவிக் கட்டியிருக்கும். கிரிசாந்தோ எதையும் மறுக்கவில்லை. தானே செய்தது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

ஒரு நாள் உச்சிவெயிலில் வயலிலிருந்து தாகத்தோடு திரும்பினான். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம். கோழிகள்கூட நிழலில் சுருண்டு கிடந்தன. வீட்டுக்கு அடியிலிருந்து உலக்கைச் சத்தம் வந்தது.

தொம். தொம். தொம்.

முதுகைக் காட்டியபடி ஒருவன் நெல் குத்திக்கொண்டிருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது.

மழை பெய்து இரண்டு மூன்று நாளாகியிருந்தது.

இன்னொருத்தன்! கிரிசாந்தோவுக்குப் பொறாமையில் காது சூடேறியது. "ஏய், யாருடா நீ?"

அவன் திரும்பவில்லை. உலக்கை ஏறியது, இறங்கியது. அதைப் பிடித்திருந்த விரல்களில் சதை இல்லை. மீன்கள் தின்றது போக மிச்சம்தான் இருந்தது.

கிரிசாந்தோவின் தாகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தடையை மறந்து ஏணியின் பாதி வரை ஓடி ஏறிவிட்டான்.

"மாமா! கீழ... கீழ ஒரு ஆளு..."

பாஸ்குவால் பாயில் புரண்டு படுத்தார். "இலாரியோவைப் பாத்துட்டியா? நல்லதாப் போச்சு. எப்படி வேலை செய்யிறான் பாரு, கத்துக்கோ. சோறு கேக்க மாட்டான், தூங்க மாட்டான், கல்யாணம் எப்போன்னு நச்சரிக்க மாட்டான்." வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்ப ஏணிய விட்டு எறங்கு."

மிச்சத்தை தெக்லா சொன்னாள். மறுநாள் ஆற்றங்கரையில் துணி துவைத்தபடி, ஊர்ச்செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவனும் உன்ன மாதிரிதான். எங்கிருந்தோ வந்தான். கேட்க நாதியில்ல. கல்யாணத்துக்கு நாள் குறிங்கன்னு அவன் கேட்கும்போதெல்லாம் அப்பா இன்னொரு வேலை சொல்லுவாரு. வருஷக்கணக்கா ஓடிச்சு. ஒரு நாள் வெள்ளத்துல எருமை அக்கரையில மாட்டிக்கிச்சு. போய்க் கொண்டான்னாரு. அவன் என்னப் பாத்து, 'போகட்டுமா தெக்லா'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"போன்னேன். வெளையாட்டுக்குத்தான். போக மாட்டான்னு நெனச்சேன்." துணியைப் பிழிந்தாள். "எருமை தானா நீந்தி வந்திருச்சு. அவன் ரெண்டு நாள் கழிச்சு வேர்ல சிக்கிக் கெடந்தான். அப்பா தோப்புல பொதச்சாரு. மறுநாள் காலைல பானையெல்லாம் ரொம்பியிருந்துச்சு."

"ஒன்பது நாள் ஜெபம் வைக்கலையா? சாமியாரக் கூப்பிடலையா?"

"ஜெபம் வெச்சா போயிடுவானே! அப்புறம் தண்ணி யாரு எடுக்கிறது?" அப்பாவின் குரலிலேயே சொல்லிக்காட்டிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவனைப் பார்க்காமல், கிசுகிசுப்பாகச் சொன்னாள்: "அக்கரையில அப்பா புதுசா நெலம் திருத்தியிருக்காரு. ஒருத்தன் பத்தலங்கிறாரு. புரியுதா சாந்தோ? ஓடிப்போயிடு."

"ஏன் எங்கிட்ட சொல்றே?"

"சும்மா. தோணுச்சு." துணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறிப் போய்விட்டாள்.

ஓடிப்போக நேரம் கிடைக்கவில்லை. அன்று மாலையே வானம் உடைந்து கொட்டியது. ஆற்றைக் கடக்காமல் அங்கிருந்து வெளியேற வேறு வழி இல்லை. மறுநாள் ஆறு சிவந்து, மரங்களை உருட்டிக்கொண்டு, வாழைத்தோப்பின் விளிம்பை நக்கியது. பாஸ்குவால் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வந்தார். தீட்டிய கத்தி கையில் இருந்தது.

"மாப்ள, நல்ல நல்ல மூங்கிலெல்லாம் வெள்ளத்துல போகுது. நாளைக்கு வெளிச்சம் வந்ததும் எறங்கி இழுத்துப் போடணும்."

"தண்ணி எறங்கட்டும் மாமா."

"தண்ணி எறங்கினா மூங்கிலும் போயிடும்." கத்தியின் முனையால் அவன் மோவாயைத் தொட்டுத் தூக்கினார். "எறங்குவியா, நானே எறக்கணுமா?"

கிரிசாந்தோ தூங்கவில்லை. வானம் சாம்பல் நிறமானபோது உரல் பக்கம் உலக்கைச் சத்தம் தொடங்கியது. அவன் இலாரியோவின் பின்னால் போய் நின்றான். ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. சொல்ல வேண்டியதை முன்பே யோசித்து வைத்திருந்தான். தெக்லாவை நினைக்காமலில்லை. நினைத்தான். நினைத்துவிட்டுத்தான் சொன்னான்.

"இலாரியோ. மாமா சம்மதிச்சுட்டாரு. உன் ஒழைப்பு போதுமாம். பொண்ண அழைச்சுட்டுப் போகச் சொன்னாரு."

உலக்கை பாதியில் நின்றது.

இலாரியோ மெல்லத் திரும்பினான்.

கண் இருக்க வேண்டிய இடங்களில் சேறு இருந்தது. உதடுகள் இல்லை. ஆனாலும் அவன் சிரிக்கிறான் என்று கிரிசாந்தோவுக்குத் தெரிந்தது. வெட்கத்தோடு, ஒரு மாப்பிள்ளை சிரிக்கிற மாதிரியே இருந்தது. உலக்கையை ஓரமாகச் சாய்த்து வைத்தான். ஈரச் சட்டையை இழுத்துச் சரிசெய்தான். ஏணியில் கால் வைத்தான்.

மேலே தரை முனகியது. இடுக்குகள் வழியாக கிரிசாந்தோவின் முகத்தில் தண்ணீர் சொட்டியது.

பெரியவர்கள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வது அந்த ஊர் மரியாதை. இலாரியோ அதை மறக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பாஸ்குவால் அலறினார்.

"விடு! கைய விடுடா! கீழ போ... நான் சொல்றேன்ல, கீழ போடா!"

பிறகு தெக்லாவின் குரல். "அப்பா, வேண்டாம்னு சொல்லுங்கப்பா. அப்பா!"

முன்பெல்லாம் அவர் சொன்ன ஒரு சொல்லுக்கு ஓடியவன் இப்போது காது கேட்காதவனாகிவிட்டான். தெக்லா ஏணியில் இறங்கி வந்தாள். இலாரியோ அவளை இழுத்து வரவில்லை, கையைப் பிடித்து மெதுவாக அழைத்து வந்தான். அவள் மணிக்கட்டு அந்த எலும்பு விரல்களுக்குள் இருந்தது. கால்கள் தாமாக நடந்தன. முகம் மட்டும்தான் திரும்பியது.

"சாந்தோ, இவங்கிட்ட என்ன சொன்னே?"

அவன் உரலுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"பொய்யின்னு சொல்லு சாந்தோ. நான் உனக்குச் சொன்னேன்ல? நீயும் சொல்லு!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யென்று தெரிந்தால் இலாரியோ யார் பக்கம் திரும்புவான் என்பதும் கிரிசாந்தோவுக்குத் தெரிந்திருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டான்.

அவர்கள் தோப்பைக் கடந்து ஆற்றுக்குள் இறங்கினார்கள். முழங்கால். இடுப்பு. கழுத்து. தெக்லா கடைசி வரை அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.

அப்புறம் சிவந்த தண்ணீர் மட்டும் இருந்தது.

பாஸ்குவால் கரையில் புரண்டு, நெஞ்சில் அறைந்துகொண்டார். "எறங்குடா! எறங்கி எடுடா அவள! கட்டித் தரேன், இன்னைக்கே கட்டித் தரேன்!"

"நீங்க போங்க மாமா," என்றான் கிரிசாந்தோ.

அவர் இறங்கவில்லை. முட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, சேற்றில் உட்கார்ந்து ஊளையிட்டார். வெள்ளம் அன்று மத்தியானத்துக்குள் வற்றியது. அவ்வளவு சீக்கிரம் எந்த ஆறும் வற்றாது. கிரிசாந்தோ மூட்டையை எடுத்துக்கொண்டு, கீழே பார்க்காமல் அதைக் கடந்து நடந்தான்.

போஹோலில் யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெண் கிடைக்காமல் திரும்பியவனைக் கொஞ்ச நாள் கேலி செய்துவிட்டு விட்டுவிட்டார்கள். மழை போய், அறுவடை போய், மறுபடியும் மே மாதம் வந்தது. தென்னந்தோப்பில் கூலி வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசை. ஆற்றுப் பக்கம் மட்டும் அவன் போவதில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது அம்மா வாசலிலேயே கையைக் காட்டி அடக்கினாள்.

"மெதுவா வா. இப்பத்தான் தூங்குது."

"என்னது?"

"சமார்லேருந்து உன் சிநேகிதங்க வந்தாங்கடா, புருஷனும் பொண்டாட்டியும். மழையே இல்ல, எங்க நனஞ்சாங்களோ, தொப்பலா நின்னாங்க. அவன் வாயே தொறக்கல. அந்தப் பொண்ணுதான் பேசுச்சு. அவங்க கல்யாணத்தப் பேசி முடிச்சதே நீதானாமே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு." அம்மா பெருமையாகச் சிரித்தாள். "அதனால ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தகப்பனா நிக்கணுமாம். நான் சரின்னுட்டேன். அத மறுக்கிறது பாவம்டா. பிள்ளைய நம்ம கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அறைக்குள் உத்தரத்தில் பழைய போர்வையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தது. அது தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அதன் அடியிலிருந்து மூங்கில் தரையில், சொட்டுச் சொட்டாக, சிவந்த தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

கிரிசாந்தோ வாசலைத் தாண்டவில்லை. ஆனால் தொட்டில் ஆடுவதை நிறுத்தியது. போர்வையின் விளிம்பில் சின்னஞ்சிறு விரல்கள் வந்து பற்றிக்கொண்டன.

"பாத்தியா," என்றாள் அம்மா, "உன் வாசனை தெரிஞ்சிருச்சு அதுக்கு."