மூன்றாம் நாள் பாடம்

திங்கட்கிழமை, காலை 10.20. நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றின் சமையல்கட்டில் சரோஜம்மா விழுந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் மருத்துவர். அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையில் போட்டிருக்க வேண்டிய ஒன்பது நாள் மாத்திரைகள் அப்படியே இருந்தன. பக்கத்தில், பாதி காலியான பச்சை டப்பா. எல்லா நோயும் தீர்க்கும் சத்துமாவாம்.

11.05. சப் இன்ஸ்பெக்டர் ஈவ்லின் வந்து சேர்ந்தபோது, கூட்டம் ஐடாவைச் சுவரோடு நெருக்கியிருந்தது. டப்பாவை விற்றவள் அவள்தான். ஆள் சேர்த்து வீடு வீடாக விற்கும் கம்பெனியில் புதுசு; சரோஜம்மாதான் முதல் வாடிக்கையாளர். யாரோ அவள் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருந்தார்கள்.

"மாத்திரைய நிறுத்துன்னு இவதான் சொன்னா மேடம்!" மருமகள் பாக்யலட்சுமி கத்தினாள். "இந்தக் கம்பெனி ஆளுங்க வாசப்படி ஏறினாலே நான் தொடப்பத்த எடுப்பேன். இவள இப்பவே கூட்டினு போறீங்களா, சாயங்காலம் ஊரே பாக்கக் கூட்டினு போறீங்களா?"

"நான் சொல்லல மேடம். கர்த்தர் சாட்சி."

"கர்த்தரையும் சேத்துட்டியா உன் கம்பெனில?" என்றான் ஒருவன். சிரிப்பு கற்களைப் போல விழுந்தது.

ஈவ்லினுக்கு இந்த ஊர் தெரியும். ஐடாவை ஒருமுறை ஜீப்பில் ஏற்றினால் போதும். பிறகு எந்தத் தீர்ப்பும் அவளை இறக்கிவிடாது.

11.30. அடுத்த வீட்டு வெங்கடம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே தகரச் சுவர்.

"ஒம்போது நாளைக்கு முந்தி, சனிக்கிழம. இந்த ஐடா வந்துட்டுப் போய் அரை மணி இருக்கும். பேச்சு கேட்டுது."

"இன்னா பேச்சு?"

"'உங்க பயம் எனக்குப் புரியுது. எனக்கும் மொதல்ல இதே பயம் இருந்துச்சு. குடிச்சப்புறம்தான் தெரிஞ்சுகினேன்'னு. அப்புறம், 'காலை மாத்திரைய நிறுத்தலாமா, ராத்திரி மாத்திரைய நிறுத்தலாமா'ன்னு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"குசுகுசுன்னு பேசினா எப்படிம்மா சொல்றது? இவதான் திரும்பி வந்திருப்பா. வேற யாரு?"

11.50. மகன் சரத், பாக்யலட்சுமியின் கணவன். பெங்களூரில் இரவு ஷிப்ட். பகலெல்லாம் முன்னறையில் தூக்கம்.

"அன்னிக்கு ஐடாவப் பாத்தீங்களா?"

"பாக்காம? மைக் செட்டு மாரி பேசினா. எழுந்து திட்டித் தொரத்திட்டு மறுபடி படுத்துட்டேன். டப்பாவ மட்டும் அம்மா வாங்கி வெச்சுகினாங்க."

12.40. ராபர்ட்சன்பேட்டையில் சத்துமாவுக் கம்பெனியின் மாடிக்கூடம். பயிற்சியாளர் மனோகர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"புது ஆளுங்கள நாங்க கையப் புடிச்சு நடத்துறோம் மேடம்."

"பாத்தேன். சாக்கடை வரைக்கும் நடத்தியிருக்கீங்க."

ஈவ்லின் ஐடாவின் வீட்டிலிருந்து வாங்கிவந்த பயிற்சி நோட்டை விரித்தாள். முதல் நாள்: தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயர். இரண்டாம் நாள்: சிரி, உரக்கப் பேசு. அதற்கப்புறம் வெள்ளைத்தாள்.

"மூணாம் நாள்?"

"அவளுக்கு வர்ற ஞாயித்துக்கிழமதான். மறுப்புக்குப் பதில் சொல்ற பாடம். 'உங்க பயம் புரியுது, எனக்கும் இருந்துச்சு, அப்புறம் தெரிஞ்சுகினேன்.' கடைசில கேள்வி. வேணுமா வேணாமான்னு கேக்கவே கூடாது. ரெண்டுல எதுன்னுதான் கேக்கணும்."

ஈவ்லினின் பேனா நின்றது.

"அந்தச் சனிக்கிழம நீங்க எங்க?"

"மைசூர்ல. முந்நூறு பேர் சாட்சி."

"மூணாம் நாள் முடிச்சவங்க போட்டோ இருக்குமே?"

"அதெல்லாம் ரகசியம் மேடம்."

"இங்க காட்டுறீங்களா, ஸ்டேஷன்ல காட்டுறீங்களா?"

மனோகர் போனை எடுத்தான்.

2.15. ஈவ்லின் மறுபடி லைன் வீட்டு வாசலில் நின்றாள். கூட்டம் கலைந்திருக்கவில்லை.

"வெங்கடம்மா கேட்ட பேச்சு ஐடாவுக்குத் தெரியாது. அது மூணாம் நாள் பாடம். இவ அதப் படிக்கவே இல்ல. அதோட, உரக்கப் பேசி சரத்த எழுப்பிவிட்டவ இவ. சரத் தூங்குறார்னு கொரல அடக்கின ஆள் இந்த வீட்டு ஆள்." திரும்பினாள். "காலைல என்னைப் பாத்ததும் இன்னா கேட்டீங்க, பாக்யலட்சுமி? கூட்டினு போங்கன்னு சொல்லல. இப்பவா, சாயங்காலமான்னு கேட்டீங்க. தொடப்பம் எடுக்கிறவங்களுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு?"

போனை நீட்டினாள். மூன்று மாதத்துக்கு முந்தைய படம். மூன்றாம் வரிசையில், முந்தானையால் பாதி முகத்தை மூடியபடி பாக்யலட்சுமி.

"புருஷனுக்குப் புடிக்காதுன்னு ரகசியமா சேந்தீங்க. ஐடாவ இந்த வீட்டுக்கு அனுப்பச் சொன்னதும் நீங்கதான்; மனோகர் சொல்லிட்டார். எதுக்கு?"

"சாவாங்கன்னு நெனைக்கல மேடம்." அவள் குரல் இப்போதும் தானாகவே தணிந்திருந்தது. "'எங்க அத்தை மாத்திரையே வுட்டுட்டாங்க'ன்னு மேடையில ஒருதரம் சொன்னா லீடர் ஆக்குவாங்க. அதுக்குத்தான்…"

ஒருவன் சாக்கடையிலிருந்து பையை எடுத்து வந்து ஐடாவிடம் நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை.

சரத் எழுந்து வந்தான்.

"ஆறடி தள்ளி நான் படுத்துனு இருந்தேன். நான் எழுந்துடக் கூடாதுன்னா மெதுவா பேசின?"

பாக்யலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க கோபம் எனக்குப் புரியுது," என்று தொடங்கியவள், சட்டென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.