முப்பத்தொரு வயதில் முதல் மிதி

"தள்ளுங்க... தள்ளுங்க... ஐயோ, தள்ளுங்க சார்!"

ஸ்ரீவித்யாவின் குரல் அந்த விடியற்காலைத் தெருவின் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டுத் திரும்பியது. கை மட்டும் பிரேக்கைத் தொடவில்லை. பிரேக் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் அவளுக்கு மறந்து போயிருந்தது.

எதிரே வந்தவன் இடது பக்கம் ஒதுங்கினான். சைக்கிளும் இடது பக்கம் வந்தது. பதறிப் போய் வலது பக்கம் நகர்ந்தான். சைக்கிளும் வலது பக்கம்... இனி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டான்.

டமால்!

கண்ணைத் திறந்தபோது அவள் தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவனும் உட்கார்ந்திருந்தான். நெற்றி, கன்னம், நீலச் சட்டை எல்லாம் வெள்ளை வெள்ளையாக வழிந்தது. கையில் கிழிந்து தொங்கிய இட்லி மாவு பாக்கெட்.

"ஸாரி... ஸாரி சார்... நான் வேணும்னு பண்ணலை..."

"வேணும்னு பண்ணியிருந்தா இவ்ளோ கரெக்டா இடிச்சிருக்க முடியாதுங்க," என்றான் அவன், புறங்கையால் மாவை வழித்தபடி.

வழித்த இடத்தில் இரண்டு கண்கள் தெரிந்தன. இரவெல்லாம் தூங்காமல் சிவந்த கண்கள். ஆனால்... சிரிக்கின்றன! திட்ட வேண்டிய நேரத்தில் இப்படிச் சிரிக்கிற கண்களை அவள் பார்த்ததே இல்லை.

"அடி ஏதாவது பட்டுச்சா? எழுந்து நில்லுங்க, பாக்கலாம்."

பட்டிருந்தது. முழங்கையில் எரிந்தது. ஆனால் அந்தக் கேள்விதான் அவளை என்னவோ செய்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது இதே மாதிரி ஒரு தெருத் திருப்பத்தில் விழுந்தாள். சுற்றி நின்ற பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு ஏறக்கட்டிய சைக்கிள் ஆசை. இன்றைக்கு வயது முப்பத்தொன்று... அடி பட்டதா என்று இப்போதுதான் ஒருவன் கேட்கிறான்.

"ஒண்ணும் இல்ல. உங்க மாவுதான்..."

"மாவு போகட்டும். ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க என்னையே பாத்துக்கிட்டு வந்தீங்க. எங்க பாக்கறீங்களோ, வண்டி அங்கதான் போகும்."

"நான் ஒண்ணும் உங்களைப் பாக்கலை!"

"சரி... மாவைப் பாத்தீங்கன்னு வெச்சுக்குவோம்."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்க அவசரமாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

இந்த வம்பெல்லாம் அப்பாவால் வந்தது.

பக்தவச்சலத்துக்கு நான்கு மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவரோ சாய்வு நாற்காலியை விட்டு அசையவில்லை. அம்மா போன பிறகு அவருக்கு எதிலுமே பிடிப்பில்லை. ஒருநாள் வித்யா கெஞ்சி, அழுது, கடைசியில் கத்தியே விட்டாள்.

"முடியாது முடியாதுன்னு சொன்னா எப்படிப்பா? முயற்சி பண்ணாமலே!"

"நீ பண்ணினியா?" என்றார் அவர் பட்டென்று. "ஆசையா கேட்டேன்னு சைக்கிள் வாங்கிக் குடுத்தேன். ஒரு தடவை விழுந்ததோட சரி. நீ மொதல்ல சைக்கிள் ஓட்டு. கோவளம் வரைக்கும் ஓட்டிட்டு வா. அப்புறம் நான் நடக்கறேன்."

வாயை அடைக்கத்தான் சொன்னார். ஆனால் மறுநாளே வித்யா கேம்ப் ரோடு கடையில் ஒரு சைக்கிள் வாங்கி வந்துவிட்டாள். சேலையூர் சைக்கிள் குழு ஒன்று, மழைக்காலம் முற்றும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் வரை போவதாக அறிவித்திருந்தது. அதிலும் பெயர் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் உறைத்தது... ஓட்டத் தெரியாதே!

மறுநாள் காலை அதே தெரு. அவன் தெருமுனையில் நின்றிருந்தான். கையில் மாவு பாக்கெட் இல்லை.

"எங்கே மாவு?"

"ரிஸ்க் எடுக்க வேண்டாம்னு வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்."

பெயர் ஜெயவேலு. அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தான். தாம்பரத்துக்கும் சென்னை பீச் ஸ்டேஷனுக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டுகிற வேலை.

"அதான் உங்களுக்கு ஒதுங்கத் தெரியலை," என்றாள் வித்யா. "ட்ரெயின்னா மத்தவங்கதானே ஒதுங்கணும்?"

"அம்மாடி... சைக்கிள்லதான் பேலன்ஸ் இல்ல. வாய்ல நல்லாவே இருக்கு."

"நான் கிண்டிக்கு தினமும் உங்க ட்ரெயின்லதான் ஆபீஸ் போறேன். தினமும் லேட்!"

"அந்தக் கோபத்தைத்தான் நேத்து என் மேல ஏத்தினீங்களா?"

சீட்டின் பின்பக்கத்தை அவன் பிடித்துக்கொண்டான். அவள் மிதித்தாள். அவன் கூடவே ஓடினான். "ரோட்டைப் பாருங்க... கீழ பாக்காதீங்க... தூரமா, அந்த வேப்பமரத்தைப் பாருங்க..." மூச்சிரைக்க அவன் சொல்லிக்கொண்டே வர, வேப்பமரம் மெல்ல மெல்லக் கிட்டே வந்தது.

"விட்றாதீங்க... பிடிச்சிருக்கீங்கதானே?"

திரும்பிப் பார்த்தாள். அவன் எங்கேயோ தூரத்தில், முழங்காலில் கை ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பார்த்த அந்த நொடியே அவள் விழுந்தாள்... ஆனால் விழுந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு கைதட்டிச் சிரித்தாள். ஓட்டியிருக்கிறாள்! யாரும் பிடிக்காமல், தானே!

அன்றைய காலை வெயில் இலைகளுக்கு நடுவே பொன்னாய்ச் சொட்டியது. இந்தத் தெருவில்தான் இத்தனை வருஷமாக இருக்கிறோமா என்று இருந்தது அவளுக்கு.

வாரங்கள் ஓடின. டியூட்டி முறை எப்படி மாறினாலும் காலையில் அவன் வந்துவிடுவான். சேலையூர் ஏரிக்கரையை ஒரு சுற்று, பிறகு கேம்ப் ரோடு, பிறகு மேடவாக்கம் வரை... அவள் ஓட்ட, அவன் தன் பழைய சைக்கிளில் பின்னால் வந்தான். ஒருநாள் சட்டென்று சொன்னான்.

"ரயில்வே மெடிக்கல்ல போன தடவை பி.பி. இருக்குன்னு எச்சரிச்சு அனுப்பினாங்க. இந்த தடவை நார்மல். பேன்ட் எல்லாம் லூஸாயிடுச்சு. எல்லாம் உங்க புண்ணியம்."

"நான் என்ன பண்ணினேன்?"

"உங்க பின்னாடி ஓட வெச்சீங்களே..."

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். வித்யா காதில் விழாத மாதிரி வேகமாக மிதித்தாள். காற்று எதிரே வந்தது. ஆனாலும் கன்னம் மட்டும் ஏன் இப்படிச் சுடுகிறது?

கோவளம் பயணத்துக்குச் சில நாட்களே இருந்தபோதுதான் அது நடந்தது. ஆபீஸிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"இன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் விழுந்தாங்க சார்," என்றது ஜெயவேலுவின் குரல். "கவலைப்படாதீங்க. நீங்க சொன்னதுலேர்ந்து ஒருநாள்கூட விட்டதில்ல. நான் பாத்துக்கறேன்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நீங்க சொன்னதுலேர்ந்து... அப்படியானால் இத்தனை காலையும் அப்பா சொல்லித்தான் வந்தானா? அந்த ஓட்டம், அந்தச் சிரிப்பு, அந்தக் கண்கள்... எல்லாம் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்த காவல் வேலையா? நானாக நிற்கிறேன் என்று நினைத்தேனே... யாரோ பிடித்துக்கொண்டிருந்தது தெரியாமல்!

மறுநாள் தெருமுனையில் அவள் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"எங்கப்பா சொல்லித்தான் வந்தீங்களா?"

அவன் முகம் மாறியது. எதையோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"வித்யா... அது வந்து..."

"ஆமாவா, இல்லையா?"

"கேட்டார்தான். ஆனா..."

"போதும்! எனக்கு யாரும் பாவம் பாக்க வேண்டாம். இனிமே நானே ஓட்டிக்கறேன். ரொம்ப தேங்க்ஸ்."

அவன் கூப்பிடுவது கேட்டது. அவள் திரும்பவில்லை. கண்ணில் நிறைந்ததில் தெருவே கலங்கித் தெரிந்தது... ஆனால் விழவில்லை. எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறான் பாவி!

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகவே கிளம்பினாள். சைக்கிள் குழுவில் ஏழெட்டுப் பேர். சோழிங்கநல்லூர் வரை களைப்பு ஒன்றும் தெரியவில்லை. ஈ.சி.ஆர். என்கிற கடற்கரைச் சாலையில் திரும்பியதும் கடல்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. முட்டுக்காடு பாலத்தில் தொடைகள் இரண்டும் இனி முடியாது என்று நின்றுவிட்டன. இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குழுவோடு கூடவே வந்த வேனில் ஏறிவிடலாமா...

குழுவில் இருந்த ஸஹானா என்கிற பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவளத்தை நினைக்காதீங்க. பாலம் முடியற இடம் தெரியுதுல்ல? அதுவரைக்கும் மட்டும் வாங்க. அதுக்கப்புறம் ஏறணும்னா வேன்ல ஏறிக்கலாம்."

பாலம் முடிந்தது. அவள் வேனில் ஏறவில்லை.

கோவளத்தில் படகுகள் கரையேறியிருந்தன. மீன் ஏலம் விடுகிற சத்தம். பையை மணலில் போட்டுவிட்டு அவள் அலையில் கால் நனைத்தாள். வலிக்கிற முழங்கால்களை இரண்டு கையாலும் தொட்டு, "தேங்க்ஸ்" என்றாள் வாய்விட்டு. இத்தனை வருஷம் குறை சொல்லியே வளர்த்த உடம்பு... இன்றைக்கு அவளை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

இதைச் சொல்ல ஒருத்தன் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா! வந்துட்டேன்ப்பா... கோவளம் வந்துட்டேன்!"

"வந்துட்டியா? என் கண்ணு..." அவருக்கு மூச்சு இரைத்தது. பின்னால் பஸ் ஹார்ன் கேட்டது.

"எங்கே இருக்கீங்க? ஏன் மூச்சு வாங்குது?"



"கேம்ப் ரோட்ல... நடந்துட்டு இருக்கேன்மா."

"என்னது?"

"ரெண்டு மாசமா நடக்கறேன். நீ ஓட்டறதைப் பாக்கணும்னு ஒருநாள் பின்னாடியே வந்தேன். ஏரிக்கரை மதகுகிட்ட முடியாம உக்காந்துட்டேன். நீ முன்னாடி வேகமா போயிட்டே. பின்னாடி வந்த ஜெயவேலு தம்பிதான் பாத்துட்டு, தண்ணி குடுத்து, கூடவே மெதுவா நடந்து வந்து விட்டுட்டுப் போனார். அப்போதான், பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு கேட்டேன். அதுலேர்ந்து நீ ஆபீஸ் கிளம்பினதும் தினமும் அவரோடதான் நடை. டியூட்டி இருந்தா போன்லயாவது விசாரிப்பார்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நான் நடக்கறேன்னு தெரிஞ்சா, வந்த காரியம் முடிஞ்சுதுன்னு நீ சைக்கிளை விட்டுடுவியோன்னு பயம். நீ காலைல சிவந்த முகத்தோட சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வருவே பாரு... அதைப் பாத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அதுக்காகத்தாம்மா."

அலை வந்து காலடி மணலை இழுத்துக்கொண்டு போனது.

"நேத்துதான் சொன்னார், நீ கோவிச்சுக்கிட்டேன்னு. அப்பகூட சத்தியத்தை மீறலை. என்ன மனுஷன்! இன்னிக்கு டியூட்டியாம். சாயங்காலம் பீச்லேர்ந்து தாம்பரம் வர்ற வண்டி..."

சைக்கிளை வேனில் போட்டு அனுப்பிவிட்டு, வித்யா சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தின் ஓரங்களில் துளிகள் வரிசையாகச் சொட்டின. பீச் வண்டி உள்ளே நுழைந்து மூச்சு விட்டு நின்றது. கூட்டம் இறங்கிக் கலைந்தது. முன்பக்கக் கதவு திறந்து அவன் இறங்கினான்... தோளில் பை, சட்டையில் வியர்வை, அதே தூங்காத கண்கள்.

அவளைக் கண்டதும் அந்தக் கண்கள் ஒரு நிமிஷம் நம்பவில்லை.

"வித்யா? நீங்க எங்க இங்க?"

"பேசணும்."

"இந்த வண்டியையே திருப்பி எடுக்கணும். அந்த முனைக்குப் போய் ஏறணும். நடந்துக்கிட்டே பேசலாமா?"

நடந்தார்கள். பக்கத்தில் நின்ற பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கோவளம் வரை மிதித்தவளுக்கு இப்போது நாலு வார்த்தை எடுப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அப்பா எல்லாம் சொல்லிட்டார். நான்தான்... எதுவும் கேக்காம... ஸாரி."

"ஸாரி எதுக்கு? நான் உங்க இடத்துல இருந்தாலும் கோவிச்சுக்கிட்டிருப்பேன்."

"நீங்க இல்லன்னா அப்பா நடந்திருக்க மாட்டார். நான் ஓட்டியிருக்க மாட்டேன். இதுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"நன்றியை நான்தாங்க சொல்லணும்." அவன் நடையைக் கொஞ்சம் குறைத்தான். "வேலை, ரூம், தூக்கம்... இது மூணுதான் நான். காலைன்னு ஒண்ணு இருக்கறதே உங்களாலதான் தெரிஞ்சுது. ஒரு விஷயம் நீங்க யோசிக்கவே இல்ல. உங்கப்பா கேட்டது பல நாள் கழிச்சு. அதுக்கு முன்னாடி தினமும் தெருமுனைல நின்னேனே... அது யார் சொல்லி?"

அவள் நின்றுவிட்டாள். தூறல் இமையில் ஒட்டியிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலை. நிக்கணும்னு இருந்துச்சு. நின்னேன்." அவன் தரையைப் பார்த்தான். "இன்னும் எத்தனை காலைன்னாலும் நிக்கலாம்னு இருக்கு."

இப்போது விட்டால்... வாழ்நாள் முழுக்க ஓரமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். வித்யா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள்.

"சைக்கிளா?"

"சைக்கிளும்..."

அவன் சிரித்த சிரிப்பில் பிளாட்பார டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கடைசிப் பெட்டி வந்துவிட்டது. அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். சிக்னல் பச்சையானது. பிறகு ஜன்னலில் தலையை நீட்டினான்.

"வித்யா... நாளைக்குக் காலைல வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசட்டுமா?"

"காலைல வேண்டாம்," என்றாள் அவள், மழையும் கண்ணீரும் வழிகிற முகத்தோடு சிரித்துக்கொண்டே. "அவர் வாக்கிங் போயிருப்பார்... சாயங்காலம் வாங்க!"