இரண்டாவது மணி

ஆளில்லாத படப்பிடிப்புத் தளத்தில் மைக்கைத் திறந்து வைத்தால் அது சும்மா இருக்காது. தகரக் கூரை வெயிலில் நெளிகிற சத்தம், வெளியே புளியமரத்துக் காக்கைகள், காற்று திரும்பினால் அடையாற்று முகத்துவாரத்திலிருந்து அலையின் இரைச்சல், எங்கோ ஒரு பல்லி, எல்லாம் சேர்ந்து ஹெட்போனுக்குள் சந்தை கூட்டிவிடும். ஒலிப்பதிவாளன் கங்காதரனுக்கு அந்தச் சந்தை பழகிப்போனது. வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஸ்டூடியோவை அன்று காலையில்தான் திறந்திருந்தார்கள். கந்தகப் புகையும் பினாயிலும் மூக்கை அறுக்க, அவன் மைக்கைப் பரிசோதித்தபோதும் சந்தை அப்படியே இருந்தது. படுதாவின் பக்கம் திருப்பினான். சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. மெஷினில் பழுது என்றால் கரகரக்க வேண்டும். இது கரகரக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் பார்க்காமலே தெரியுமே, அந்த மாதிரி இருந்தது.

படுதாவில் ஒரு நந்தவனம் வரைந்திருந்தது. அதற்குப் பின்னால் போன படத்துக்காகக் கட்டிய சிறைச்சாலை நின்றது. கதாநாயகன் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே பாட வேண்டும் என்பதற்காக நிஜச் செங்கல், நிஜக் கம்பி, நிஜப் பூட்டு. தோழி வேஷத்துக்கு நாடகக் கம்பெனியிலிருந்து வந்த தேவானைக்கு அம்மை கண்டபோது, முதலாளி ராமானுஜம் அவளை அதற்குள்தான் வைத்தார். பிலிம் சுருள் கெட்டுவிடக் கூடாதென்று குளிர்ந்த அறை கட்டிய மனுஷர், காய்ச்சலில் கொதித்தவளுக்குத் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. கார்ப்பரேஷனுக்குத் தெரிந்தால் ஸ்டூடியோவைப் பூட்டிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

"ஆத்துல யாருக்காவது அம்மா வந்தா தனியா ஒரு ரூம்ல வெச்சுண்டு பாத்துக்கறதில்லையா? அப்படித்தான்டா இதுவும்" என்றார்.

மற்றவர்களுக்கெல்லாம் தனித்தனி டம்ளர் வந்தது. ஒருவர் விடாமல் அம்மை குத்திக்கொண்டார்கள். வாசலில் பினாயில் வாளி வைத்தார்கள். படப்பிடிப்பு மட்டும் நிற்கவில்லை. பேசும் படம் வந்து சில வருஷமே ஆகியிருந்த காலம். கதாநாயகி நந்தவனத்துக்கு முன்னால் சிரித்துப் பேசும்போது, படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தாலும் பிலிம் பாழ். அதற்கும் முதலாளி வழி செய்திருந்தார். தளத்தில் வழக்கமாக அடிக்கும் மணி தேவானைக்கும் உண்டு. ஒரு மணி அடித்தால் மூச்சு விடக் கூடாது. இரண்டு அடித்தால் இருமலாம், முனகலாம், தண்ணீர் கேட்கலாம். மணிக்கயிறு கங்காதரன் கையில் இருந்தது.

"அடக்க முடியாம இருமல் வந்தா என்ன செய்யட்டும் அண்ணே?" என்று அவள் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டாள். முகமெல்லாம் முத்து பூத்திருந்தது. கண் திறக்கவில்லை.

"முந்தானைய வாயில அடைச்சுக்கம்மா. ரெண்டு மணி அடிச்சப்புறம் எவ்ளோ வோணுமோ இருமிக்க" என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான்.

இருமினால் தன்னைத் தெருவில் விட்டுவிடுவார்களோ என்ற பயமோ, நாடகக் கம்பெனிப் பழக்கமோ, அந்தக் காய்ச்சலிலும் அவள் ஒரு தடவைகூட மணியை மீறவில்லை.

கங்காதரன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மானேஜர் கிச்சாவைத் தேடிப் போனான்.

"தேவானையா? அவ அண்ணா வந்து அழைச்சுண்டு போயிட்டானே. உமக்கு எதுக்கு ஓய் அந்தக் கவலை?"

முதலாளியிடம் போனால் அவர் வேறு கதை சொன்னார். "அம்மை இறங்கி, மூணு தண்ணியும் ஊத்தி அனுப்பிச்சாச்சு. கிச்சாதான் வண்டி வெச்சான், அவனைக் கேளு."

வாசல் காவல்காரன் அங்கமுத்து பீடியை அணைத்துவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தான். "வண்டியா? இன்னா சொல்ற நீ? கேட்டு சாவி என்கிட்டதானே கீது. சொகாதாரக்காருங்க எல்லாரையும் தொரத்தி வுட்டாங்களே, அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா உள்ள வர்ல. வெளியவும் போவல."

"அப்ப சோறு? தண்ணி?"

"என்னை எவன் உள்ள வுட்டான்? மானேஜரு பாத்துக்கறேன்னாரு."

முதலாளி பார்த்துக்கொள்வார் என்று கிச்சா நினைத்திருந்தான். கிச்சா பார்த்துக்கொள்வான் என்று முதலாளி நினைத்திருந்தார். கங்காதரன் மூன்று பேருக்கும் நடுவே பம்பரமாகச் சுற்றினான். அவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரைப் பிடித்துச் சட்டையை உலுக்குவது என்றே தெரியவில்லை. கடைசியில் முதலாளி முன்னால் கையை நீட்டினான்.

"அந்த ஜெயில் பூட்டு சாவியக் குடுங்க முதலாளி. ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன். அந்தம்மா உயிரோட இருந்தா இன்னும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது."

"சாவி மயிலாப்பூர்ல ஆத்துல இருக்கு. ஹீரோ இன்னிக்கு ஒரு நாள்தான் வருவார். முதல்ல ஷாட்டை முடி, அதுவரைக்கும் படுதாவுக்குப் பின்னால போகப்படாது. சாயங்காலம் பேசிக்கலாம்" என்று அவர் மேலுக்கு வாசனை நீரைத் தடவிக்கொண்டே சொன்னார்.

கங்காதரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி அடித்தான். விளக்குகள் எரிந்தன. நந்தவனத்துக்கு முன்னால் கதாநாயகன் காதல் பேசினான். ஹெட்போனில் அவன் வசனம் கணீரென்று விழுந்தது. வசனத்துக்கு நடுவே இடைவெளி விட்ட இடத்திலெல்லாம் அந்த நிசப்தம் இருந்தது. காலையில் இருந்ததைவிட இப்போது கிட்டத்தில்.

அப்போதுதான் அவனுக்கு, ஸ்டூடியோவைப் பூட்டிய அந்தக் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. முதலாளி வேர்த்து விறுவிறுத்து உள்ளே ஓடி வந்து, "மணியை அடிடா, சீக்கிரம்!" என்று காதுக்குள் சீறினார். காமிராவில் பிலிம்கூடப் போடவில்லை. முதலாளி சொன்னால் அடிக்க வேண்டியதுதான் என்று இவன் அடித்தான். அடுத்த நொடி சுகாதார அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். ஒருவர் நந்தவனத்துக்கு முன்னால் நின்று, "இதுக்குப் பின்னாலே என்ன இருக்கு?" என்று கேட்டார். "சுவர்" என்றார் முதலாளி. அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு முனகல் போதும், அன்றே அவளைக் கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். "ராத்திரியே வண்டி வெச்சு அனுப்பிடறேன், வாயைத் திறக்காதே" என்று முதலாளி முணுமுணுத்தார். இவனும் வாயைத் திறக்கவில்லை. பிறகு, ஊரில் அம்மை அடங்கும்வரை என்று, அதிகாரிகள் எல்லோரையும் ஆட்டு மந்தை மாதிரி வெளியே ஓட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு மணி.

இரண்டாவது மணியை அவன் அடிக்கவே இல்லை.

கயிறு கையிலிருந்து நழுவியது. "கட்!" என்று யாரோ கத்தினார்கள். அவன் எழுந்தான். ஹெட்போன் கம்பி இழுபட்டு அறுந்தது. விளக்குகளுக்குக் குறுக்கே நடந்தான். கதாநாயகன் திட்டினான். அது அவன் காதில் ஏறவில்லை. படுதாவின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

இருட்டு. பினாயில் வாடைக்கு அடியில் வேப்பிலை வாடை. அதற்கும் அடியில் இன்னொன்று. கம்பியைப் பிடித்தான். ஜில்லென்றிருந்தது. கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆனது.

சருகாகிப்போன வேப்பிலை. கவிழ்ந்த செம்பு. சுவரோடு சாய்ந்து தேவானை உட்கார்ந்திருந்தாள்.

செத்துப் பல நாளாகியிருந்தது. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. தோல் கருகி எலும்போடு ஒட்டியிருந்தது. கூந்தலுக்குள் எறும்புச் சாரை போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரல் இடுக்குகளில் முந்தானை. முக்கால்வாசிப் புடவையை வாய்க்குள் திணித்திருந்தாள். முகம் படுதாப் பக்கம், மணி இருக்கும் திசையில் திரும்பியிருந்தது.

அவனுக்கு அலற வேண்டும் போலிருந்தது. ஐயோ, நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.  

படுதாவுக்கு அப்பால் முதலாளி எரிந்து விழுந்தார். "டேக் முடிஞ்சு எவ்வளவு நாழி ஆச்சு! மணியை யார் அடிப்பா? அவன் எங்கே தொலைஞ்சான்? கிச்சா, நீ அடிச்சுத் தொலை!"

வேண்டாம்.

"வேண்டாம்" என்று சொல்லத்தான் முயன்றான். காற்றுதான் வந்தது.

ஒன்று.

கிச்சாவுக்குக் கயிறு பழக்கமில்லை. நடுவில் கொஞ்சம் தாமதமாயிற்று. கங்காதரன் கம்பியை விட்டுப் பின்வாங்கப் பார்த்தான். 

இரண்டு.

பொத்தியிருந்த கைகள் மெதுவாக மடியில் இறங்கின. வாய்க்குள்ளிருந்து முந்தானை வெளியே வரத் தொடங்கியது. யாரும் இழுக்கவில்லை. ஈரமாக, முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. கடைசி நுனியும் விழுந்த பிறகு, ஒட்டிக் கிடந்த மார்பு மேலே எழும்பியது.

முதலில் இருமினாள். இத்தனை நாள் இருமலையும் சேர்த்து இருமினாள். படுதாவுக்கு அப்பால் எல்லாப் பேச்சும் நின்றுபோயிற்று.

பிறகு அந்த முகம் கம்பிப் பக்கம் திரும்பியது.

"முடிஞ்சுதா அண்ணே?" என்றாள் தேவானை. "தண்ணி."