முள் நிற்கும் இடம்

காலையில் எழுந்ததும் அழுத்தமானியைப் பார்ப்பது என் வேலை. அடுப்படிக்குப் பின்னால் கொதிகலன் இருக்கும் குறுகலான அறையில், வட்டக் கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு முள். கண்ணாடியில் பனி படிந்திருக்கும். உள்ளங்கையால் துடைத்தால்தான் கோடுகள் தெரியும். துடைத்த கை அப்படியே விறைத்துப் போகும்.

"விழி, முள்ளு எங்க நிக்குது?" என்று அண்ணி படுக்கையிலிருந்தே கேட்பாள்.

"நாலரைல, அண்ணி."

"அப்ப இங்க வா. உன் மருமகனை எழுப்பு."

சில்லிட்ட கையை அவள் வயிற்றில் வைப்பேன். உள்ளே இருப்பது பட்டென்று உதைக்கும். "பாரேன், அத்தைன்னாலே இவனுக்கு ஆவல" என்று அண்ணி சிரிப்பாள். அந்த ஒரு உதையை நான் நாள் முழுவதும் கையில் வைத்திருப்பேன்.

வெயிலுக்குப் பேர்போன குடியாத்தத்தில் இப்படிப் பனி துடைத்துக்கொண்டிருப்போம் என்று யார் நினைத்திருப்பார்கள்? அப்பா சிறுவனாக இருந்தபோது, பூமி கொதிக்கிறது என்று வானத்தில் தூசித்திரை விரித்தார்கள். விரித்ததை மறுபடி சுருட்டத் தெரியவில்லை. அப்போது மணலாகக் கிடந்த கௌண்டன்ய ஆறு இப்போது பனிக்கட்டியாகக் கிடக்கிறது. "அதுல தண்ணி ஓடி நான் அப்பவும் பாக்கல, இப்பவும் பாக்கல" என்பார் அப்பா.

எல்லா வீடுகளும் குளிர் புகாமல் அடைத்த வீடுகள். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் வெப்பச்சுற்று ஓடுகிறது. அதில் ஓடும் திரவத்தை வீடு கட்டும்போதே வெப்ப நிலையத்தார் ஊற்றி முத்திரை வைத்துவிடுவார்கள். சுற்றில் ஓடுவது போக மீதி, தரைக்கடியில் உள்ள சேமக்கலனில் இருக்கும். எவ்வளவு ஓட வேண்டும் என்பதை மனைமூளை முடிவு செய்யும். சுவர்ச்செவிகள் வீட்டுக்குள் ஓடும் மூச்சுகளைக் கேட்டுச் சொல்ல, ஆளுக்கு ஒரு கோடு என்று அது திரவத்தை ஏற்றும், இறக்கும். அப்பா, அண்ணன் கபிலன், அண்ணி யாமினி, நான். எங்கள் வீடு நான்கு கோட்டு வீடு.

விருந்தாளி வந்தால் முள் ஏறும். ஆம்பூர் மாமா வந்து தங்கியிருந்தபோது, ஊருக்குக் கிளம்புவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதற்குள் முள் இறங்கத் தொடங்கிவிட்டது. "வூடே என்னைத் தொரத்துதுடா" என்று மாமா பெட்டியை எடுத்துக்கொண்டார். அவர் சரியாகத் தூங்காமல் புரண்டதை வைத்தே அது தெரிந்துகொண்டதாகச் சொல்லிச் சிரித்தோம்.

கருவுற்றவள் வீட்டில் ஐந்தாம் மாத வாக்கில் முள் அரைக் கோடு ஏறும். எங்கள் ஊரில் அதுதான் விசேஷம். மருத்துவர் சொன்னதும் யாரும் வெளியில் சொல்வதில்லை. முள் ஏறட்டும் என்று காத்திருந்து, ஏறிய அன்று கண்ணாடிக்குக் குங்குமம் வைத்து, தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுப்பார்கள். எங்கள் முள் ஏறிய அன்று, நடக்கவே மூச்சு வாங்கும் அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு போனார்.

பொங்கல் முடிந்த பிறகு ஒரு காலையில் முள் நாலரைக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. கண்ணாடியை இரண்டாம் முறை துடைத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கீழே.

"லீக்குதான். முனவ்வர் பாய்கிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வேலைக்குப் போனான்.

முனவ்வர் பாய் எங்கள் தெருவுக்கெல்லாம் குழாய் பார்ப்பவர். வந்ததும் ஒவ்வொரு ரேடியேட்டராகக் குனிந்து, வால்வைச் சுற்றி மெல்லிய காகிதத்தை ஒற்றினார். எங்கும் ஈரமில்லை. வீட்டுக்கு வெளியே, அழுத்தம் மிஞ்சினால் திரவம் சொட்டும் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினார்.

"பாய், வீட்டுக்குப் பால் பாக்கெட் போட்ட மாதிரி கீது" என்றார் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்து.

"நாளைக்கு இதுல சொட்டு கெடந்தா உங்களுக்கு ஒரு டீயோட முடிஞ்சிது. கெடக்கலன்னா எனக்குத் தலவலி."

மறுநாள் பை காய்ந்து கிடந்தது. சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் கொடுக்கும் விரிவுக்கலனின் ஊசி வால்வைப் பாய் நகத்தால் அழுத்தினார். உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் திரவம் வரும் என்றார். காற்றுதான் வந்தது. பிறகு கொதிகலனுக்கு அடியில் இருந்த இரண்டு வால்வுகளையும் மூடி, கொதிகலன் பக்கத்தையும் வீட்டுக் குழாய்ப் பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்தார். வீட்டுப் பக்கத்துக்கு அவருடைய சொந்த அழுத்தமானியை மாட்டினார். மதியம்வரை வீடு குளிர்ந்துகொண்டிருந்தது. அண்ணிக்கு மூன்று போர்வை போர்த்திவிட்டேன்.

பாய் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக் குழாய்களின் முள் அசையாமல் இருந்தது. கொதிகலன் பக்கத்து முள் இறங்கியிருந்தது.

"தரையை ஒடைக்க வேணாம், அந்த மட்டும் நல்லது" என்றார் பாய். கொதிகலனைத் திறந்து, டார்ச் அடித்து, கழிவுக் குழாயில் விரலை விட்டுப் பார்த்தார். அங்கும் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. சேமக்கலனுக்குப் போகும் சுண்டுவிரல் பருமனான குழாய். அதன் கழுத்தில் வெப்ப நிலையத்தின் ஈய முத்திரை.

"இது சும்மா கெடக்கிற கொழாய். ஜில்லுன்னு இருக்கணும். தொட்டுப் பாரு பாப்பா."

தொட்டேன். சூடாக இருந்தது. அந்த அறையில் என் கைக்குச் சூடாகப் பட்ட ஒரே பொருள் அதுதான்.

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "லீக்கு இல்ல. மனைமூளையே எடுத்து உள்ள போட்டுக்குது."

"எதுக்கு பாய்?"

"ஆள் கொறையும்னு அது நெனச்சா எடுக்கும். ஒரே நாள்ல எறக்கினா கொழாய் வெடிச்சிடும் இல்ல? அதனால முன்னாடியே ஆரம்பிச்சி மெதுவா எறக்கும்."

"இத அடைச்சா?"

"முத்திரையை ஒடச்சி அடைக்கலாம். முள்ளு நிக்கும்." கருவிகளைப் பைக்குள் போட்டார். "முள்ளுதான் நிக்கும்."

வாசற்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டிருந்தார். கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "உங்கம்மா போறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் எறங்குச்சி. நாம வால்வ மாத்தினோம்" என்றார். பிறகு, அண்ணிக்குக் கேட்காத குரலில், "என் டிக்கெட்டு வந்துடுச்சி. யாமினிகிட்டயும் கபிலன்கிட்டயும் லீக்குன்னே சொல்லு பாய். பொறக்கப்போற நேரத்துல அழுதுகினு இருக்கக் கூடாது."

பாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காசும் வாங்கவில்லை.

அன்றிலிருந்து அப்பா கலகலப்பாகிவிட்டார். சுவரோரம் சூடாக இருக்கும் தன் கட்டிலைக் குழந்தைக்கு என்று ஒதுக்கி, ஜன்னல் பக்கம் மாறிக்கொண்டார். கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலாக்கிச் சின்னச் சட்டை பின்னச் சொல்லி அண்ணியிடம் கொடுத்தார். "எதுக்கு மாமா இதெல்லாம்?" என்றாள் அவள். "எனக்குத்தான் வேர்க்குதேம்மா" என்றார்.

நான் மட்டும் கணக்குப் போட்டேன். அப்பாவுக்கு ஒரு முழுக் கோடு. அவர் என்றால் முள் நாலைத் தாண்டி மூன்றரைவரை போக வேண்டும். நாலிலேயே நின்றுவிட்டால் அரைக் கோடுதான் குறைந்திருக்கும். எங்கள் வீட்டில் அரைக் கோட்டு ஆள் ஒன்றுதான்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அண்ணியை மாதப் பரிசோதனைக்கு நானே அழைத்துப் போனேன். அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது மருத்துவரின் மேசைக்கு அருகில் போய் நின்றேன். எனக்குப் புது ஆட்களிடம் வாய் வராது. அவரே நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார்.

"எங்க வீட்டு முள்ளு எறங்குது, மேடம்."

"அதுக்கு வெப்ப நிலையத்துல இல்ல சொல்லணும்?"

"ஆள் கொறையப் போனா எறங்கும்னு... அரைக் கோட்டோட நின்னுட்டா..."

அவர் சிரிக்கவில்லை. கணினித் திரையைச் சுட்டி, சற்றுமுன் பதிந்த ஒலியைப் போட்டுக் கூட்டினார். குதிரை ஓடுவதுபோல் ஒரு இதயம் அறை முழுக்க ஓடியது. "கேக்குதா? எடை சரி, ரத்த ஓட்டம் சரி. எல்லாத்தையும் ரெண்டு தடவ பாத்துட்டேன். மனைமூளை எதைக் கேட்டுச்சின்னு அதால சொல்ல முடியாது. எங்க தப்புன்னு தெரியாம நான் எதைச் சரி பண்ணட்டும்?"

"இங்கயே வச்சிப் பாத்துக்க முடியாதா, மேடம்?"

"எதுக்குன்னு எழுதுவேன்? அசைவு கொறைஞ்சா உடனே கூட்டிட்டு வா" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி என் தோளில் கைபோட்டாள். "டாக்டர்கிட்ட நீயா பேசினே? மழை வரப்போவுது" என்றாள். மழை வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அவளுக்காகச் சிரித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கண்ணாடியைத் துடைக்கும்போது இறங்கு, இறங்கு என்று வேண்டிக்கொண்டேன். என்னை வளர்த்தவர் அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்க, அவருடைய கோட்டுக்குப் போ என்று முள்ளைக் கெஞ்சினேன். அப்பாவும் அதையே வேண்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "எங்க நிக்குது?" என்று கண்ணாலேயே கேட்பார். "எறங்குதுப்பா" என்றால் அவர் முகம் தெளியும். அதைப் பார்க்க முடியாமல் உலை வைக்கப் போய்விடுவேன்.

முள் நாலைத் தொட்டது.

அடுத்த நாளும் நாலிலேயே இருந்தது. கண்ணாடியை விரலால் தட்டினேன். முள் ஒரு நடுக்கம் நடுங்கி அதே இடத்துக்கு வந்தது. சேமக்கலனுக்குப் போகும் குழாயைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

அண்ணியின் அறையில் அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா வாசலில் வந்து நின்றார்.

"எங்க நிக்குது?" என்றாள் அண்ணி.

"நாலுல. நேத்தும் நாலு."

"நின்னுடுச்சா? பாத்தியா, லீக்கு தானா அடைஞ்சிடுச்சி" என்றான் அண்ணன்.

அப்பா அதே இடத்தில் நின்றிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன, எண்ணுவதுபோல. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"மாமாவுக்கு இன்னா ஆச்சு? தண்ணி குடுங்க" என்று அண்ணனை அனுப்பிவிட்டு, அண்ணி போர்வையை விலக்கினாள். அப்பாவின் நூலில் அவள் பின்னிய சின்னச் சட்டை பக்கத்தில் கிடந்தது. ஒரு கை மட்டும் பாக்கி.

"வா விழி. காலைலேர்ந்து சோம்பேறி நல்லாத் தூங்குறான். உன் கையை வையி, எழுந்துக்கட்டும்."

என் கை எப்போதையும்விடச் சில்லிட்டிருந்தது. கொண்டுபோய் வைத்தேன். அண்ணி சிரிக்கத் தயாராக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை எடுக்கவில்லை. அவள் வயிற்றின் சூட்டில் அது மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது.